இரும்பு மாடுகளின் திடீர் மரணம்

எங்கள் குடியிருப்பின் பெயர் பெக்கன் ஓடைப் பண்ணை. பெக்கன் மரங்களை வீடு கட்டும் முன்பே வெட்டிவிட்டார்கள். ஓடை தெருவுக்கு அடியில் குழாய்க்குள் ஓடுவதாகச் சொல்கிறார்கள், யாரும் பார்த்ததில்லை. ஆக, மிச்சம் இருந்தது பண்ணை ஒன்றுதான். அதைக் கட்டிக்காக்கும் பொறுப்பு குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழுந்தது. அந்தச் சங்கத்தில் நான் தபால் பெட்டி உபகுழுவின் தலைவன். பிழைப்புக்குப் பல் பிடுங்குகிறேன்.

டெக்சாஸில் கையகல நிலம் வைத்திருப்பவருக்கும் ஒரு விஷயம் தெரியும். நிலத்தில் மாடு மேய்ந்தால் அது விவசாய நிலம், வரி பேருக்குத்தான். மாடு இல்லாவிட்டால் அது வெறும் நிலம், வரி கழுத்தைப் பிடிக்கும். அதனால்தான் எங்கள் பக்கம் வங்கிக்குப் பின்னால் இரண்டு கன்றுக்குட்டி, கார் விற்கும் கடையை ஒட்டி நாலு ஆடு என்று விவசாயம் ஓகோவென்று நடக்கிறது. எங்கள் நுழைவாயில் பக்கம் சங்கத்துக்குச் சொந்தமான பெரிய புல்வெளி ஒன்று உண்டு. அதில் டெல்பர்ட் ஹவெல்காவின் மாடுகள் மேய்ந்தன.

இந்த இடம் மொத்தமும் முன்பு டெல்பர்ட் குடும்பத்தின் பண்ணையாக இருந்தது. நகரம் நெருங்கி வர வர, அவருடைய தம்பி தங்கைகள் விற்றே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். பழைய வீட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணையும் மட்டும் அவர் விடவில்லை. எங்கள் புல்லை அவர் மாடுகள் தின்றன, அவர் மாடுகளால் எங்கள் வரி குறைந்தது. இரண்டு தரப்பும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளாத வரைக்கும் எல்லாம் சுமுகமாகப் போனது.

பிறகு கிம்பர்லின் ஸ்ட்ரவுட் அம்மையார் சங்கத் தலைவி ஆனார். பண்ணை வாழ்க்கை மேல் அவருக்கு உயிர். அலமாரி நிறைய கௌபாய் பூட்ஸ் வைத்திருக்கிறார், ஒன்றில்கூட மண் பட்டதில்லை. பதவியேற்ற முதல் கூட்டத்துக்கே டெல்பர்ட்டை வரச் சொல்லிவிட்டார்.

“மிஸ்டர் ஹவெல்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மாடுங்க பண்ணை மாடு மாதிரியே இல்ல.”

“பண்ணையிலதானே மேடம் பொறந்துச்சுங்க?”

“பொறந்தா போதுமா? கொம்பே இல்ல. கலரும் நம்ம வீட்டுச் சுவரோட சேரல. போன ஞாயித்துக்கிழமை எனக்கு விருந்தாளிங்க வந்திருந்தாங்க. ஒண்ணு விடாம எல்லாம் வாசலுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது!”

“காத்து அந்தப் பக்கமா அடிச்சிருக்கும். எதிர்காத்துன்னா திரும்பித்தான் நிக்கும்.”

“காத்து எப்படி வேணா அடிக்கட்டும். தெருவைப் பாத்து இருக்கிற எதுக்கும் முகப்பு லட்சணமா இருக்கணும்னு நம்ம விதியில இருக்கு. அப்புறம் அந்தத் தொப்பி. தீவனக் கடையில சும்மா குடுக்கிற தொப்பியைப் போட்டுட்டு நின்னா, உங்களை யாரு பண்ணைக்காரர்னு நம்புவாங்க?”

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். “எனக்கே கொஞ்ச நாளா சந்தேகமாத்தான் இருக்கு மேடம்” என்றார்.

அந்தக் கூட்டத்தில்தான் ‘பண்ணைப் பாரம்பரிய மேம்பாட்டுத் திட்டம்’ நிறைவேறியது. நகரத்தில் அப்போது இரும்பு மாட்டு மோகம் தலைவிரித்தாடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக் கடை வாசலில் இரும்பு மாடு, ஆஸ்பத்திரி வாசலில் இரும்பு மாடு, ஒரு தேவாலயத்தில்கூட வைத்திருந்தார்கள். நாங்களும் ஒரு பெயர்பெற்ற சிற்பியிடம் சொல்லி, நீளக்கொம்பு வைத்த இரும்பு மாடுகளை நிஜ மாட்டின் அளவிலேயே செய்து வாங்கினோம். விலையைச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வராது. எல்லாவற்றையும் வாசலைப் பார்த்து நிறுத்தினோம். டெல்பர்ட்டின் மாடுகள் அருகில் போய் முகர்ந்து பார்த்துவிட்டு, முதுகு சொறிந்துகொள்ளத் தோதாக இருக்கிறது என்று திருப்தி அடைந்தன.

ஆகஸ்ட் மாதம் மாவட்ட வரி மதிப்பீட்டு அதிகாரி ஓடெல் பிகெட் ஆய்வுக்கு வந்தார். அவருடைய ஆய்வு முறை எல்லோருக்கும் தெரிந்தது. வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்துவார். உள்ளே குளிர்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி, அந்த இடுக்கு வழியாக எண்ணுவார். தலைவியும் நானும் வெயிலில் நின்றோம். டெல்பர்ட்டும் வந்து சேர்ந்தார்.

“மாடு ஜாஸ்தியா இருக்கே” என்றார் ஓடெல்.

“டேய் ஓடெல், அதுல பாதி இரும்புடா.” டெல்பர்ட்டும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே கால்பந்து அணி.

“ஆபீஸ் வேலையில டேய் போடாத டெல்பர்ட். நான் எண்ணி எழுதிட்டேன்.”

“இறங்கி வந்து ஒண்ணைத் தட்டித்தான் பாரேன். டங்குன்னு சத்தம் வரும்.”

“யோசிச்சுப் பேசு. வேலையில சேர்ந்த நாள்லேருந்து வண்டியில இருந்துதான் எண்ணுறேன். இன்னைக்கு இறங்கித் தட்டினேன்னு வையி, இதுவரைக்கும் தட்டாம எழுதினதெல்லாம் என்ன ஆகும்? மாவட்டத்துல இருக்கிற அத்தனை மாட்டையும் தட்டணும். இந்த வெயில்லயா?”

ஓடெல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அரசாங்கக் குரலுக்கு மாறினார். இந்தப் புல் இத்தனை மாடுகளைத் தாங்காது என்றும், அளவுக்கு மீறி மேய்ப்பது விவசாயம் ஆகாது என்றும், மாத முடிவுக்குள் எண்ணிக்கையைக் குறைக்காவிட்டால் சலுகை ரத்தாகும் என்றும் அறிவித்தார்.

“எதை அனுப்புறது சார்?” என்று தலைவி பணிவாகக் கேட்டார்.

அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. டெல்பர்ட்டின் மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. ஓடெல் இடுக்கு வழியாக நன்றாகப் பார்த்தார்.

“நோஞ்சானா இருக்கிறதை அனுப்பிடுங்க. அந்தக் கொம்பு வெச்சதுங்க நல்லா கட்டுமஸ்தா இருக்கு. அடக்கமாவும் தெரியுது.”

அன்று மாலை டெல்பர்ட் வேலியில் சாய்ந்து நின்றிருந்தார். நான் தபால் பெட்டிகளைப் பார்வையிடும் சாக்கில் அந்தப் பக்கம் போனேன்.

“பல் டாக்டரே, என் பொண்டாட்டி ஆர்லீன் போய்ச் சேர்ந்தப்புறம் நான் பேசுறதைக் கேக்குறது இதுங்க மட்டும்தான். பதில் சொல்லாது. ஆனா பாதியில எழுந்து போகாது. ஏலத்துக்கு அனுப்பினா நேரா கறிக்குத்தான். இந்த வறட்சியில யாரு வாங்கி வளப்பா?”

மறுநாள் கூட்டத்தில் நிஜ மாடுகளை வெளியேற்றும் தீர்மானம் வந்தபோது, மிகுந்த வேதனையோடு ஆதரித்துக் கை தூக்கினேன்.

டெல்பர்ட் யாரோடும் சண்டை போடவில்லை. நேராகக் கால்நடை நல அலுவலகத்துக்குப் போனார். புல்வெளியில் மாடுகள் கூட்டமாகச் செத்து நிற்கின்றன, பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த நாளே ஆய்வாளர் யோலாண்டா கான்ட்டு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினார். இவர் வண்டியை விட்டு இறங்கும் ரகம். ஒரு இரும்பு மாட்டின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“துடிப்பு இல்ல. கடைசியா எப்போ தீனி எடுத்துச்சு?”

“வந்ததுலேருந்து வாயே தொறக்கல மேடம்” என்றார் டெல்பர்ட், குரல் தழுதழுக்க.

விஷயம் தெரிந்து தலைவி ஓடி வந்தார். “என்னம்மா இது அக்கிரமம்! அது இரும்பு! சிலை!”

“இருக்கலாம் மேடம். ஆனா வரி ஆபீஸ்ல மாடுன்னு பதிவு பண்ணியிருக்காங்க. ஒரு ஆபீஸ் மாடுன்னு சொன்னதை இன்னொரு ஆபீஸ் இல்லைன்னு சொல்லக்கூடாது. உசுரு இருக்கா இல்லையான்னு சொல்ற அதிகாரம் மட்டும்தான் எனக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “சிலைதான்னு நீங்க அடிச்சுச் சொன்னா அப்படியே எழுதிக்கிறேன். அப்போ சிலையை மாடுன்னு காட்டி சங்கம் வரிச் சலுகை கேட்டதா ஆகும். என்ன எழுதட்டும்?”

தலைவி என்னைப் பார்த்தார். நான் தபால் பெட்டிகளைப் பார்த்தேன்.

“மாடுதான்” என்றார். “பாவம், நேத்துகூட நல்லாத்தான் இருந்துச்சு.”

இத்தனை மாடுகள் ஒரே நேரத்தில், ஒரு நோய் அறிகுறியும் இல்லாமல், நின்ற நிலையிலேயே உயிர் விட்டது ஆய்வாளரைக் கலங்க வைத்தது. பெயர் தெரியாத கொள்ளை நோய் என்று முடிவு செய்தார். மறு உத்தரவு வரும்வரை குளம்புள்ள எந்தப் பிராணியும் பெக்கன் ஓடைப் பண்ணைக்குள் வரவோ வெளியே போகவோ கூடாது என்று மஞ்சள் பலகை மாட்டினார்.

“அப்போ என் மாடுங்களை வெளியேத்தச் சொல்லியிருக்காங்களே?” என்றார் டெல்பர்ட்.

“ஒரு அடி நகரக்கூடாது. யாராவது கை வெச்சா எனக்குச் சொல்லுங்க.”

டெல்பர்ட் தலையைக் குனிந்துகொண்டார். தீவனக் கடைத் தொப்பி முகத்தை நன்றாகவே மறைத்தது. செத்தவை போக எண்ணிக்கை சரியாகிவிட்டதால் ஓடெலுக்கும் பரம திருப்தி. இறந்த கால்நடைகளை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்பது விதி. புதைத்தோம். கொம்பு நீட்டிக்கொண்டிருந்ததால் குழியை இரண்டாவது முறை தோண்ட வேண்டியிருந்தது. தலைவி கறுப்பு பூட்ஸ் அணிந்து வந்தார். சிற்பியும் வந்திருந்தார், அவர் அழுகை மட்டும் நிஜம்.

மஞ்சள் பலகையைப் பார்த்ததும் எங்களுக்கு வீட்டு விலைதான் ஞாபகத்துக்கு வந்தது. நோய் பிடித்த இடத்தில் இனி யார் வீடு வாங்குவார்கள்? ஆனால் நகரத்து ஜனங்களை நாங்கள் குறைத்து எடை போட்டுவிட்டோம். ‘கட்டுப்பாட்டுப் பகுதி’ என்று பலகை மாட்டிய குடியிருப்பு வேறு எங்கும் இல்லை. அரசாங்கமே தடுத்து வைத்திருக்கிறது என்றால் உள்ளே ஏதோ விசேஷம் இருக்க வேண்டும் என்று வண்டி வண்டியாக வந்து எட்டிப் பார்த்தார்கள். வீட்டு விலை ஏறியது, பிறகு பறந்தது. பக்கத்துப் பண்ணையை வாங்கிய கட்டுமானக்காரர், அங்கே புல் முளைக்கும் முன்பே மஞ்சள் பலகைக்கு மனுப் போட்டார்.

விலை ஏறினால் ஓடெல் வர வேண்டும். வந்தார். டெல்பர்ட்டின் வீட்டு முன்னால், சிநேகிதன் என்பதால், வண்டியை விட்டு இறங்கினார்.

“டெல்பர்ட், உன் இடத்துக்கும் நகரத்து வரிதான் வருது. மனசுல வெச்சுக்காத.”

“எனக்கா? நான் மாட்டுக்காரன்டா!”

“உன் மாடு மேயுறது சங்கத்து நிலத்துல. அதனால அவங்க விவசாயி. உன் நிலத்துல என்ன இருக்கு? வீடு. அதனால நீ நகரவாசி.”

“இந்தப் பல் டாக்டரு விவசாயி. நான் நகரவாசி.”

“சட்டப்படி.”

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். விவசாயி என்று ஒரு அதிகாரி வாயால் கேட்டபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வரியைக் கட்ட டெல்பர்ட்டால் முடியவில்லை. கட்டுமானக்காரர் இடத்தை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பினார். மாடுகளோடு வேறு எங்காவது போய்விடுகிறேன் என்றார் டெல்பர்ட். வந்த ஆள் பலகையைக் காட்டினான்.

“மாடு போகக்கூடாது சார். குளம்பு இருக்கிற பிராணிக்குத்தான் தடை. நீங்க தாராளமாப் போகலாம்.”

அவர் வாங்கிய உத்தரவே அவர் காலைக் கட்டியது. கடைசியில் பழைய வீட்டையும் மண்ணையும் மாடுகளையும் எழுதிக் கொடுத்துவிட்டு, புல்வெளிக்கு எதிர்வரிசையில் ஒரு புது வீட்டை வாங்கிக்கொண்டார். ஜன்னலைத் திறந்தால் மாடு தெரிய வேண்டும் என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை. மாடுகளைக் கட்டுமானக்காரர் நீச்சல் குளத்தைப் போல ஒரு பொது வசதியாகச் சங்கத்திடம் ஒப்படைத்தார். விவசாயிகள் நாங்கள்தானே. வைக்கோல் போடுவதும் தண்ணீர் காட்டுவதும் முறை வைத்து எங்கள் தலையில் வந்தது.

நேற்று சங்கக் கூட்டம். மாடு பார்ப்பதும் அன்று என் முறை. ஒரு பசு விடியலில் கன்று ஈனும்போது கன்றின் கால் மாட்டிக்கொள்ள, நான் முழங்கை வரை கையை விட்டு இழுத்திருந்தேன். குளித்துவிட்டு வர நேரமில்லை. அக்கம்பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. டெல்பர்ட் ஹவெல்கா வீட்டுச் செருப்போடு, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“ஒரு புகார்” என்றார். “விடியறதுக்கு முன்னாடியே அந்த மாடுங்க என்னா கத்து கத்துது! மனுஷன் தூங்க வேணாமா?”

“அதுங்களுக்குப் பசி சார்” என்றேன்.

“பசிக்கு ஒரு நேரங்காலம் வேணாமா டாக்டரே? வாழ்க்கையில இப்பத்தான் முத முறையா எட்டு மணி வரைக்கும் தூங்குறேன். என்ன சுகம் தெரியுமா அது!”

காலை எட்டு மணிக்கு முன் மாடுகள் கத்தக்கூடாது என்ற தீர்மானத்தைத் தலைவி முன்மொழிந்தார், டெல்பர்ட் வழிமொழிந்தார். எனக்கும் தூக்கம் பாக்கி இருந்ததால் கை தூக்கினேன். மாடுகளுக்கு அதைத் தெரியப்படுத்த ஒரு உபகுழு அமைத்து, என்னையே தலைவனாகப் போட்டிருக்கிறார்கள்.