மருந்தாளருக்கு ஓர் ஆலோசனை

"லைசென்ஸைக் காட்டு" என்றாள் ரோவீனா ஷுல்ட்ஸ்.

"போன மாசமும் காட்டினேனே. உனக்கு என்னை முப்பது வருஷமாத் தெரியும்."

"உனக்குப் பதினெட்டு வயசு ஆச்சான்னு சட்டம் கேக்குது, பார்னி. நான் கேக்கல."

ஐம்பத்தெட்டு வயது பார்னபி டிரெலோர், தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டு உரிமத்தை நீட்டினார். அவரும் மருந்தாளர்தான். கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் வாரிங்காவில் ஒரே மருந்துக்கடை அவருடையது. எழுபது கிலோமீட்டர் தள்ளி, இந்தக் கூராலாவில் ஒரே மருந்துக்கடை ரோவீனாவுடையது. அவளிடம் அவர் வேப், அதாவது நிகோட்டின் ஆவியை இழுக்கும் மின்சிகரெட், வாங்க வந்திருந்தார்.

முன்பு இந்தச் சங்கடம் இல்லை. நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கில் மாம்பழ வாசனையில்கூடக் கிடைத்தது. பிறகு வெளிக்கடைகளில் விற்கக்கூடாது, மருந்துக்கடையில் மட்டும், அதுவும் டாக்டர் சீட்டோடு என்று அரசாங்கம் சொன்னது. வாரிங்காவின் டாக்டர் பார்னபியின் மனைவி ஜூடித்தோடு டென்னிஸ் ஆடுகிறவர். அவரிடம் போய் எப்படி வாயைத் திறப்பது? அப்புறம் விதி மறுபடி மாறியது. பெரியவர்களுக்குச் சீட்டு வேண்டாம், மருந்தாளரே உட்காரவைத்துப் பேசி ஒரு மாதத்துக்கு உள்ளதைக் கொடுக்கலாம்.

ஊருக்கெல்லாம் இது வசதி. பார்னபிக்கு மட்டும் வினை. "வேப் இங்கே கிடையாது" என்று தன் கடை வாசலில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தவர் அவர். பள்ளிக்கூட வாசலில் இருக்கும் வேப் எதிர்ப்புச் சுவரொட்டியில், கையைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளை முறைப்பவரும் அவர்தான். எல்லாவற்றுக்கும் மேலே, ஜூடித்தின் அண்ணன் நுரையீரல் கெட்டுச் செத்தபோது, "இனிமே புகையே கிடையாது" என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

"சரி, சொல்லு" என்றாள் ரோவீனா, துணித்திரையை இழுத்துவிட்டு, வேப் பெட்டியை அவர் கையில் வைத்து. "விட்டுடணும்னு எண்ணம் இருக்கா?"

"இருக்கு."

"எப்ப?"

பார்னபி தரையைப் பார்த்தார். இதே கேள்வியை எத்தனை பேரிடம் தானே கேட்டிருக்கிறார். கேட்கிற பக்கம் இவ்வளவு சுலபமாக இருந்ததே.

அந்த நேரம் பார்த்துத் திரைக்கு மேலே ஒரு சிவந்த முகம் எட்டிப் பார்த்தது. வாரிங்கா கால்பந்து கிளப்பின் தலைவர் கிளைவ்.

"கால் புண்ணுக்குக் களிம்பு வாங்க வந்தேன், ரோவீனா. அட, பார்னி. நீ என்ன இங்க? கையில என்ன அது?"

பார்னபியின் வாய் அவரைக் கேட்காமலே பேசியது. "இது... ஆலோசனை எப்படிச் சொல்றதுன்னு ரோவீனாகிட்டக் கத்துக்க வந்தேன். நம்ம கடையிலயும் வேப் குடுக்கலாம்னு இருக்கேன்."

ரோவீனா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். "நல்லாவே கத்துக்கிறார்" என்றாள்.

மறுநாள் காலை, பள்ளித் தலைமையாசிரியை குவெண்டா கடைக்குள் வந்தாள். கையில் சுருட்டிய சுவரொட்டி.

"நீங்க வேப் விக்கப்போறீங்கன்னு கேள்விப்பட்டேன், பார்னபி. இதை வாசல்ல வெச்சா பிள்ளைங்க சிரிக்கும். நீங்களே வெச்சுக்குங்க."

"குவெண்டா, அது வந்து..."

"காரணம் இருக்கும். நான் கேக்கல."

கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. இல்லையென்று மறுத்தால் கூராலாவுக்கு ஏன் போனீர்கள் என்ற கேள்வி வரும். ஆகவே சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடுவதே மேல் என்று முடிவு செய்து, கடைக்குச் சரக்கு வரவழைத்தார். வாசலில் ஒட்டியதைக் கிழித்தார்.

இருபது வருடமாகக் கல்லாவில் நிற்கும் நோலீனுக்கு மெதுவாகப் பேச வராது. "இதெல்லாம் நாத்தம் பிடிச்ச சமாச்சாரம்னு போன கிறிஸ்துமஸ் விருந்துல அரைமணி நேரம் பேசினீங்களே" என்று, மாத்திரைக்குக் காத்திருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

வீட்டில் ஜூடித் காத்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று தயாராகத்தான் உள்ளே போனார்.

"புகை பிடிக்கிறவங்களை விடவைக்கத்தானே இதை ஆரம்பிக்கிற?" என்றாள். "அண்ணனுக்கு அந்தக் காலத்துல உன்னை மாதிரி உக்காந்து பேச ஒருத்தர் இருந்திருந்தா..." மேலே பேச முடியாமல் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அவர் சட்டைப்பையில் இருந்த வேப் அவள் கன்னத்தில் குத்தியது. "என்னது?" என்றாள். "பேனா" என்றார். அதைவிடக் கேவலமாகத் தன் வாழ்நாளில் அவர் உணர்ந்ததில்லை.

விஷயம் அவளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் கிளைவிடம் சொல்ல, சனிக்கிழமை ஆட்டத்தின் இடைவேளையில் பார்னபி கிளப்பில் நாலு வார்த்தை பேசுவதாக ஏற்பாடாகிவிட்டது.

கிளப் கூடத்தில் சேறு படிந்த ஆட்டக்காரர்கள், இறைச்சிப் பஃப்பைக் கடித்துக்கொண்டிருந்த விவசாயிகள், முதல் வரிசையில் ஜூடித். பார்னபி நன்றாகத்தான் பேசினார். நிகோட்டின் எப்படிப் பிடித்துக்கொள்ளும், எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, வீட்டில் ஒருவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது எவ்வளவு முக்கியம். அந்த இடத்தில் மட்டும் முதல் வரிசையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினார்.

பின்வரிசையில் ஒரு செம்மறிக்காரர் கையைத் தூக்கினார். "இவ்வளவு விவரமாச் சொல்றியே பார்னி, நீ இழுத்திருக்கியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜூடித்தும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை.

"இழுக்கிறேன்" என்றார். "மூணு வருஷமா. இங்க வர்றதுக்கு முன்னாடி, கழிப்பறைக்குப் பின்னால நின்னுகூட."

யாரோ மெல்ல, "ரெண்டாவது பாதி ஆரம்பிச்சிடுவாங்க" என்றார். ஆரம்பிக்க இன்னும் நேரமிருந்தது. ஆனாலும் அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்க்காமல், மரியாதையாக எழுந்து வெளியே போனார்கள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகுதான் ஜூடித் வாயைத் திறந்தாள்.

"மாசாமாசம் கூராலாவுக்குப் போறே. வரும்போது புதினா மென்னுட்டு வரே. நான் ரோவீனாவோட ஏதோன்னு நெனச்சேன்."

"ரோவீனாவோடயா?"

"எது மோசம்னு இன்னும் முடிவு பண்ணல. கதவைத் திற."

திங்கட்கிழமை கடைக்கு ஒருவரும் வரவில்லை. புது வேப் பெட்டிகள் பூட்டிய அலமாரியில் அப்படியே இருந்தன. "நீங்க வேணும்னா பின்னால போய் இழுத்துட்டு வாங்க" என்றாள் நோலீன், முதன்முறையாக மெதுவாக. அது இன்னும் கூசியது.

மதியம் கதவு மணி அடித்தது. கறுப்புக் கண்ணாடி, தலையில் முக்காடு. ரோவீனா.

திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று பார்னபிக்குத் தோன்றியது. தன் கடையை வைத்துப் பொய் சொன்னதற்குக் கணக்குத் தீர்க்க வந்திருப்பாள். அவளை ஆலோசனை மேசைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தார்.

"தப்புதான், ரோவீனா. உன்னையும் பொய்யில இழுத்துவிட்டேன். கிளைவ் இப்படி ஊரெல்லாம் சொல்லுவான்னு நெனைக்கல."

ரோவீனா கண்ணாடியைக் கழற்றினாள். கைப்பையைத் திறந்து, தன் ஓட்டுநர் உரிமத்தை மேசைமேல் வைத்தாள்.

"கிளைவ் யார்கிட்டயும் மூச்சு விடல, நீ பின்வாங்காம கடையில வேப் வெக்கணும்னு உங்க தலைமையாசிரியைக்குப் போன் பண்ணினது நான்தான், எனக்கு நானே ஆலோசனை சொல்லி வேப் குடுத்துக்கச் சட்டத்துல இடமில்ல, உன்னை விட்டா பக்கத்துல வேற கடையும் இல்ல, அதனால கேக்க வேண்டியதைச் சீக்கிரம் கேளு, பார்னி, எனக்குக் கை நடுங்குது."