தறிக்குழிச் சீசா

தலையில் முடி வளர்க்காமல் ஓய்வதில்லை என்று வீரபாகு சபதம் எடுத்தது ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில். ஊர் பெரணமல்லூர். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க ஜனங்கள் நாற்காலிக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எதிர் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் இந்தப் பக்கம் கை காட்டி, "உங்கப்பாவாம்மா?" என்று அவர் மனைவி குணசுந்தரியைக் கேட்டாள். அவளும் சிரித்த முகமாய், "ஆமாங்க" என்றாள்.

கட்டின புருஷனைப் பார்த்து! அதற்குமேல் மோர் இறங்கவில்லை. வயது நாற்பத்து மூன்று, முன்மண்டை காலி, எல்லாம் வாஸ்தவம்தான். அதற்காக அப்பனா? வாய்விட்டுக் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மனசு மட்டும் வலித்தது. அடுத்த மாதம் அதே வீட்டில் மூத்த பெண்ணுக்கு வளைகாப்பு. அதற்குள் அவளுக்குப் புருஷனாகத் தெரிந்தாக வேண்டும்.

வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் ஒரு சீசா மூலிகைத் தைலம் வாங்கினார். இருபதே நாளில் காடாய் வளரும் என்றான் விற்றவன். அவன் தொப்பி போட்டிருந்ததை வீரபாகு யோசிக்கவில்லை.

ஆரணியில் வீட்டுக்கு வந்ததும் சீசா, அவர் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் தறிக்குழிக்குள், மிதிகட்டைக்குப் பக்கத்தில் போய் ஒளிந்தது. தினமும் தறியில் இறங்கியதும் மண்டை நிறையத் தடவிக்கொள்வார். ஆனால் பட்டு நெய்கிறவனுக்கு எண்ணெய் எமன். ஒரு சொட்டு பாவு நூலில் விழுந்தால் சேலை பாழ். ஆகவே துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நெய்தார். சேலையில் ஒரு கறை இல்லை. பதினைந்தாம் நாள், துண்டு கட்டின தடத்திலேயே நெற்றியில் வரிசையாய்ப் பருக்கள் முளைத்தன. முடி மட்டும் முளைக்கவில்லை.

"இன்னாங்க இது, வயசுப் புள்ளையாட்டம்?" என்றாள் குணசுந்தரி.

"சூடு. எல்லாம் உன் கத்திரிக்கா கொழம்பு."

அவள் ஒரு வாரம் கத்திரிக்காயைக் கண்ணில் காட்டவில்லை. பருவும் குறையவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனாள். தலைக்கு என்ன போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்க, ஒன்றுமே இல்லை என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் வீரபாகு. தலையில் பூசும் தைலம் வழிந்தால் நெற்றித் தோலின் துவாரங்களை அடைத்துக்கொள்ளும், மேலே துணியை வேறு இறுக்கினால் கேட்கவே வேண்டாம் என்று டாக்டர் விளக்கினார்.

"பாவம் சார், இவருதான் ஒண்ணும் தடவறதே இல்லியே" என்றாள் குணசுந்தரி.

இரண்டு நாள் கழித்துக் குழிக்குள் காலை விட்டுத் துழாவினால் சீசாவைக் காணோம். அந்த இடத்தில் பருவுக்கான களிம்பும் துவைத்த துண்டும் இருந்தன. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

"கீழ இன்னா தேடிகினு கீறீங்க?" தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"பூரான் மாதிரி இருந்துச்சி."

"அத்த நேத்தே சாக்கடையில ஊத்திட்டேன்."

பூரானை எப்படி ஊற்றுவாய் என்று அவர் கேட்கவில்லை. களிம்பை எடுத்துத் தடவினார். வளைகாப்பு வருவதற்குள் நெற்றி தெளிந்துவிட்டது.

பெரணமல்லூருக்குக் கிளம்பும் காலையில் அவளே அவர் நெற்றியில் விபூதி பூசினாள். விரல் பட்டதும் மனிதர் உருகிப்போனார். "உனுக்கு எப்ப தெரியும்?"

"மொத நாளே. குழிய கூட்டறது யாரு? சொன்னா வேற எடத்துல ஒளிச்சி வப்பீங்க. தானா வுடுவீங்கன்னு பாத்தேன். ஆமா, இந்த வயசுல எதுக்குங்க முடி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "உன் பக்கத்துல புருஷன் மாதிரி இருக்கணும்னுதான். அன்னிக்கு பந்தியில அந்தம்மா உங்கப்பாவான்னு கேட்டாங்க. நீயும் ஆமான்னுட்ட."

குணசுந்தரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வழுக்கையை ஆசையாய் ஒரு தரம் தடவிக் கொடுத்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அது எங்கப்பாதாங்க. நீங்க எப்ப எழுந்திருப்பீங்கன்னு உங்க நாற்காலிய புடிச்சிகினு பின்னால நின்னுகினு இருந்தாரு."