ராஜாவின் கட்டிலை எங்கே போடுவது

அண்ணன் விமானம் ஏற ஏழு மணி நேரம் இருந்தது. புதிய காட்சிக்கூடம் திறக்க ஐந்து மணி நேரம். இரண்டாவதைப் பற்றி மட்டும் கவலைப்படுவது என்று அடிக்குறிப்பு முடிவு செய்திருந்தார்.

அடிக்குறிப்பு என்பது அருங்காட்சியகத்தில் அவருக்கு வைத்த பெயர். காட்சிப் பொருள்களுக்குப் பக்கத்தில் மாட்டும் விளக்கப் பலகைகளை எழுதுவது அவர் வேலை. கேண்டீனில் இன்று காபி நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால்கூட, "யாரு சொன்னது? அவரு குடிச்சாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் டோக்கன் வாங்குவார்.

அண்ணனோடு பேச்சு நின்று பதினோரு வருடம். இன்று அண்ணன் தன் மகளோடு தங்கக் கடல் கடந்து போகிறார். எழுபது வயதில் போகிறவர் திரும்பி வருவது சந்தேகம்தான். மனைவி காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள்.

"ஒரு நிமிஷம் வந்து நின்னுட்டுப் போங்க. பேசக்கூட வேணாம்."

"பலகை முடியட்டும்."

"பலகை எங்கயும் போகாது. உங்க அண்ணன்தான் போறாரு."

"அவருக்கு என் பலகையெல்லாம் கட்டுக்கதைதான."

அதுதான் விஷயம். கிரேக்கப் பயணிகளைப் பற்றி அவர் எழுதிய முதல் புத்தகத்தின் வெளியீட்டுக்கு அண்ணன் வரவில்லை. முன்வரிசையில் அவருக்காகப் போட்ட நாற்காலி கடைசிவரை காலியாகவே கிடந்தது. ஒரு வாரம் கழித்து, "எல்லாம் கட்டுக்கதைன்னு உங்க அண்ணன் சொன்னானாம்" என்று அம்மாவின் தம்பியான மாமா வந்து சொன்னார். சிறு வயதில் நூலகச் சீட்டு எடுத்துக் கொடுத்து, சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போன அதே அண்ணன். அன்றைக்கு அண்ணனிடம் வாயை மூடிய அடிக்குறிப்பு பிறகு திறக்கவே இல்லை.

இப்போதைய சிக்கல், புதிய கூடத்தில் அமைத்திருந்த பழங்கால ராஜாவின் படுக்கையறை. கூடத்தின் நடுவே தச்சர் செய்த பெரிய கட்டில். எதிர்ச் சுவரில், கற்பனையாக வரைந்த ராஜாவின் முகத்துக்குக் கீழே இரண்டே வரிப் பலகை: 'அரசர் பகலில் உறங்கமாட்டார். இரவிலும் சதிக்கு அஞ்சி அடிக்கடி படுக்கையை மாற்றுவார்.'

காலையில் அதைப் படித்ததும் அவருக்கு நெஞ்சு உறுத்தியது. பலகை ஏதோ கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்ததுபோலப் பேசுகிறது. இயக்குநரிடம் போனார்.

"மேடம், இதை எழுதின கிரேக்கத் தூதரோட புத்தகம் தொலைஞ்சு போச்சு. ரொம்பக் காலம் கழிச்சு இன்னொரு கிரேக்கர் எடுத்துச் சொன்னதுதான் நமக்குக் கிடைச்சிருக்கு. அவரு அந்த ராஜா ஊருப் பக்கமே போனதில்ல."

"சரி, அதுக்கு?"

"அதைப் போடணும்."

"போடுங்க. சாயங்காலம் விருந்தாளிங்க வந்துடுவாங்க."

பலகைக்கு மேலே ஒரு பட்டை ஒட்டினார்: 'தூதர் ஒருவர் எழுதியதாக, ஊரைப் பார்த்திராத மற்றொருவர் எழுதுவது:' பட்டை ராஜாவின் மீசையை மறைத்து மூக்கில் போய் முடிந்தது.

இயக்குநர் வந்து பார்த்தார். "மூக்கில்லாத ராஜாவை யாரு மதிப்பாங்க?"

எழுத்தைச் சிறிதாக்கி மறுபடி அச்சடித்து ஒட்டினார். மூக்கு திரும்பி வந்தது. ஆனால் படிக்கிறவர் தன் மூக்கைப் பலகையில் வைத்தால்தான் எழுத்து தெரிந்தது. கிட்டே போகலாம் என்றால் கட்டில் இடித்தது. தச்சரைக் கூப்பிட்டு, கட்டிலை இடப்பக்கச் சுவரோரம் தள்ளினார்கள்.

காவலாளி ஓடி வந்தார். "சார், இது அவசர வழி. தீப்பிடிச்சா ஜனங்க எப்படிப் போவாங்க, ராஜா மேல ஏறியா?"

வலப்பக்கம் தள்ளினார்கள். அங்கே விளக்குச் சுவிட்ச் மறைந்தது. கடைசியில் வாசலுக்கு வெளியே, நடைபாதையில், கழிப்பறைக்கு எதிரே கட்டில் போய் நின்றது.

தச்சர் வியர்வையைத் துடைத்தார். "நீங்க எழுதினது நெசந்தான் சார். இந்த ராஜா ஒரு இடத்துல படுக்கமாட்டேங்கறாரு."

அடிக்குறிப்பு சிரிக்கவில்லை. அவருக்கு இன்னொன்று நினைவு வந்துவிட்டது. இயக்குநரின் அறைக்கு மறுபடி போனார்.

"மேடம், சொல்லாம விட்டா தப்பாயிடும். அந்த ரெண்டாவது கிரேக்கர், மொதல் கிரேக்கரைப் பொய்யர்னு திட்டியிருக்காரு."

இயக்குநர் பேனாவை மூடி வைத்தார். "திட்டிட்டு?"

"அவரு சொன்னதையே எடுத்துப் போட்டிருக்காரு."

"ஏன்?"

"அந்த ஊரைப் பத்திச் சொல்ல அவருக்கு வேற ஆள் இல்ல, மேடம்."

"அப்ப நமக்கு?"

"நமக்கும் இல்ல."

இயக்குநர் தாழ்ந்த குரலில் சொன்னார். "பழைய ரெண்டு வரியையே வைங்க. கட்டிலை உள்ள போடுங்க. கழிப்பறைக்கு எதிர்ல ராஜா படுத்திருந்தாருன்னு எந்தக் கிரேக்கரும் சொல்லல."

கட்டில் நடுவே திரும்பி வந்தது. பட்டையைக் கிழித்தபோது ராஜாவின் மீசையில் பாதி அதோடு வந்துவிட்டது. தச்சர் கரித்துண்டால் மிச்சத்தை வரைந்து கொடுத்தார். பிறகு விருந்தாளிகள் வந்து, கைதட்டிவிட்டு, தின்பண்டம் இருந்த அறைக்குப் போனார்கள். பலகையை ஒருவரும் படிக்கவில்லை.

காலியான கூடத்தில், உட்காரக்கூடாத கட்டிலின் விளிம்பில் அடிக்குறிப்பு உட்கார்ந்தார். கைபேசி அதிர்ந்தது. மனைவி விமான நிலையத்திலிருந்து பேசினாள்.

"உள்ள போயிட்டாரு. போனையும் அணைச்சிட்டாரு."

"ம்."

"கடைசிவரை வாசலையே பாத்துட்டிருந்தாரு. ஒவ்வொரு டாக்ஸியா எட்டி எட்டிப் பாத்தாரு."

அவர் எதிர்ச் சுவரின் பலகையைப் பார்த்தார்.

"அன்னிக்கு அவருக்கு நல்ல ஜுரமாம். வெளியீட்டுக்கு வர முடியாததுக்கா இத்தனை வருஷம் பேசலன்னு கேட்டாரு. அது இல்ல, கட்டுக்கதைன்னு சொன்னீங்களாமேன்னு நானே கேட்டுட்டேன்."

"கேட்டியா? என்ன சொன்னாரு?"

"'யாரு சொன்னது'ன்னு கேட்டாரு. உங்க குடும்பத்துக்கே இந்தக் கேள்விதான் போல. அப்புறம் கைப்பையைத் திறந்து காட்டினாரு. உங்க புத்தகம். போற வழியில மறுபடி படிக்கணுமாம்."

மனைவி போனை வைத்த பிறகும் அவர் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. காபிக்குக்கூடக் கேட்கிற கேள்வியை அவர் மாமாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கூப்பிட்டார்.

"மாமா, அண்ணன் என் புத்தகத்தைக் கட்டுக்கதைன்னு சொன்னாருன்னு சொன்னீங்களே. உங்ககிட்டயா சொன்னாரு?"

"எப்பப்பா?" மாமாவுக்கு நினைவு வரவே நேரம் பிடித்தது. "ஓ, அதுவா. எங்கிட்ட எங்க சொன்னான்? உங்க அத்தை சொன்னா. அத விடு, அவன் நல்லபடியாக் கிளம்பினானா?"

அத்தையைக் கூப்பிட்டார். அப்பாவின் ஒரே தங்கை. அந்தப் பக்கம் தொலைக்காட்சி அலறியது.

"சாப்டியாப்பா? அண்ணனை வழியனுப்பிட்டியா?"

"அத்தை, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அண்ணன் என் புத்தகத்தைக் கட்டுக்கதைன்னு சொன்னாருன்னு மாமாகிட்ட நீங்களா சொன்னீங்க?"

"சொன்னதா உன் மாமாவுக்குப் பட்டுதோ என்னவோ. உன் அண்ணன் அப்படி நெனைக்கறான்னுதான் நான் சொன்னேன்."

"உங்களுக்கு யாரு சொன்னது?"

தொலைக்காட்சிச் சத்தம் மெல்லக் குறைந்தது.

"என்னப்பா இப்படிக் கேக்கற? புத்தக வெளியீட்டுக் கூட்டம் முடிஞ்சு நேரா இங்க வந்து, 'அண்ணன் வரல அத்தை, எல்லாம் கட்டுக்கதைன்னு நெனச்சிருப்பாரு'ன்னு நீதான சொல்லிச் சொல்லி அழுத?"