ஒன்றாம் சேனலின் கௌரவம்

மனிதகுலம் வெயிலை வென்ற கதையை யாராவது எழுதினால், எங்கள் தையல் கூடத்து மேலாளரைத்தான் முதல் பக்கத்தில் போடவேண்டும்.

கூடத்துக்குத் தகரக் கூரை. உள்ளே வெப்பம் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் கால் மணி நேரம் வேலையை நிறுத்தவேண்டும் என்பது துணி வாங்கும் கம்பெனியின் நிபந்தனை. வெப்பத்தை அளந்து கம்பியில்லாமல் செய்தி அனுப்ப, தீப்பெட்டி அளவில் ஆறு சென்சார்கள் வந்தன. செய்தியை வாங்கும் பெட்டி மேலாளரின் ஏ.சி. அறையில் 'பதவியேற்றது'. அந்த ஏ.சி. வெளியே தள்ளும் அனல் மூன்றாவது வரிசைமேல்தான் வந்து விழும். அங்கே என் அக்கா குளிர்கால மேலங்கிகளுக்குக் காலர் தைக்கிறாள். ஏற்கெனவே ஒருமுறை மயங்கி விழுந்தவள். அந்தக் கால் மணி நேரத்தைத்தான் நம்பியிருந்தாள். நான் தண்ணீர் கொடுப்பவள், நானும் நம்பினேன்.

செட்டிங் போட வந்த மெக்கானிக் சொன்னார்: "சென்சாரும் பெட்டியும் ஒரே சேனல்ல இருக்கணும் சார். இல்லன்னா அது சொல்றது இதுக்குக் கேக்காது. எல்லாத்தையும் ஒண்ணுல வெச்சுடறேன்."

மேலாளர் எழுந்தே விட்டார். "ஒண்ணு என் ரூமோட சேனல்யா! மிஷின் பக்கத்துல தொங்குறதுக்கும் எனக்கும் ஒரே நம்பரா?"

"நம்பர்ல என்ன சார் இருக்கு?"

"உனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்கு."

கூட்டம் போட்டார்கள். கூடத்துக்குத் 'தகுதிக்கேற்ப' ஒன்பதாம் சேனல் ஒதுக்கப்பட்டது. சென்சார்கள் ஒன்பதில் கத்தின. பெட்டி ஒன்றில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. திரையில் ஒன்றுமே வரவில்லை.

"ஒரு புகார்கூட இல்ல சார்!" என்று பூரித்தார் சூப்பர்வைசர்.

ஆனால் கம்பெனி வெப்பக் கணக்கைக் கேட்டது. மறுபடி கூட்டம்.

"அப்ப பெட்டியையாவது ஒன்பதுக்கு மாத்துங்க சார்," என்று கெஞ்சினார் மெக்கானிக்.

"நான் ஒன்பதுக்கு இறங்கணுமா?"

கணக்கர் தொண்டையைச் செருமினார். "உங்க ரூம்ல இருந்தாத்தான சார் ஒண்ணாம் நம்பர்? சென்சாரையும் இங்கயே உக்கார வெச்சுட்டா?"

மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு சென்சார்களும் அவர் மேசைக்குக் குடிவந்து ஒன்றாம் சேனல் பெற்றன. சிக்னல் அமோகம். ஆறும் ஒரே குரலில் சொல்லின: இருபத்திரண்டு. கம்பெனி பாராட்டுச் சான்றிதழ் அனுப்பியது.

மறுநாள் மதியம் அக்கா மிஷின் மேலேயே சரிந்தாள். நான் ஓடினேன்.

"சார், அக்கா விழுந்துட்டா! உள்ள கொதிக்குது, வேலைய நிறுத்தச் சொல்லுங்க!"

அவர் நிதானமாகத் திரையைப் பார்த்தார். "இருபத்திரண்டுதானேம்மா இருக்கு."

"வந்து பாருங்க சார்!"

"ஆறு சென்சார் ஒண்ணு சொல்லுது. நீ ஒருத்தி வேற சொல்ற." பிறகு அவருக்கே மனம் இளகியது. "குளிர் தாங்காத உடம்பு போலிருக்கு. பாவம், எதையாவது போர்த்தி விடுங்க."

சூப்பர்வைசர் புத்தம்புது மேலங்கி ஒன்றைக் கொண்டுவந்து அக்காமேல் போர்த்தி, கழுத்துவரை பொத்தானும் போட்டார். காலர் அவள் தைத்ததுதான். நான் அதைப் பிய்த்து எறிந்து, குடத்துத் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தேன்.

கண் திறந்தாள். "கால் மணி நேரம் விட்டுட்டாங்களாடி?"

சுற்றிலும் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மேலாளர் வெயிலை வென்றார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வென்ற வெயிலை எங்கள் வரிசையில் கொண்டுவந்து கொட்டினார் என்பதுதான் எந்தச் சேனலிலும் வரவில்லை.