சாய்தளத்துக்கு ஐவி வைத்த கையெழுத்து

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போது நான் ஒரு பெரிய தீர்மானம் எடுத்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். ஒரு தடவையாவது ஐவியை ஏமாற்றிவிட வேண்டும். ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் நல்ல புருசனாக இருந்துவிடலாம்.

ஐவி என் மனைவி. நான் கிறிஸ்தோபர். துறைமுகப் பக்கத்தில் ஒரு உள்ளூராட்சிச் சபையில் வேலைப்பகுதி மேற்பார்வையாளர். எந்தச் சபை என்று கேட்காதீர்கள். நாளைக்கும் நான் அங்கேதான் வேலைக்குப் போகவேண்டும்.

எட்டு வருடத்துக்கு முன் நிலாவெளி வீதியில் ஓட்டோ பிரண்டு ஐவிக்கு முதுகில் அடிபட்டது. அன்றிலிருந்து அவளுடைய கால்கள் இரண்டும் அவள் சொல்வழி கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அவள் சொல்வழி கேட்காதவை அந்த இரண்டும்தான். சில்லுக்கதிரையில் இருந்தபடியே தைப்பாள். காலால் மிதிக்கிற மோட்டர் கட்டையைத் தூக்கி மேசையில் வைத்து, முழங்கையால் அமத்தித் தைப்பாள். கல்யாணச் சட்டை தைக்க மூதூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

எங்கள் சபை வாசலில் மூன்று படிகள். ஆறு வருடத்துக்கு முன் தையல்கடை உரிமத்துக்காக ஐவி அங்கே வந்தாள். நான் அன்போடு நாலு தொழிலாளரைக் கூப்பிட்டு, கதிரையோடு அவளைத் தூக்குவித்தேன். ஒருவன் "மெல்ல, மெல்ல, சீமெந்து மாதிரி" என்றான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஐவி சொன்னாள்: "இனி அந்தப் படியால என்னைத் தூக்குறதெண்டால் பெட்டிக்குள்ள வச்சுத் தூக்குங்கோ."

அதற்குப் பிறகு அவளுடைய சபை அலுவல் எல்லாம் என் கையால்தான் நடந்தது. நடந்தது என்று அவள் நினைத்தாள். எங்கள் ஒழுங்கை வாசலில் மூடியில்லாத ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதற்குக் கொங்கிறீற் மூடி போடச் சொல்லி நாலு வருடத்துக்கு முன் ஒரு மனு எழுதித் தந்தாள். மூடி போடவேண்டியது வேலைப்பகுதி. வேலைப்பகுதி என்றால் நான். மனுவை என் மேசை லாச்சிக்குள் பத்திரமாக வைத்தேன். "கொழும்பில அனுமதிக்குப் போயிருக்கு" என்று வீட்டில் சொன்னேன். மனு இன்னும் கொழும்புக்குப் போகவில்லை. லாச்சியை விட்டே இறங்கவில்லை. இதை நான் ஏமாற்றுக் கணக்கில் சேர்ப்பதில்லை, இது வெறும் தாமதம்.

இந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மாற்றுத்திறனாளிகள் ஏறிவரச் சபை வாசலில் சாய்தளம் கட்டவேண்டும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதுதான் சட்டம். எங்கள் மூன்று படியும் சேர்ந்து ஒன்றரை அடி. ஆகப் பதினெட்டு அடி நீளம் வேண்டும். ஆனால் பத்தாவது அடியில் செயலாளர் ஐயாவின் ஜீப் நிற்கிறது. வேப்பமர நிழல் அங்கேதான் விழுகிறது. சட்டத்தை வளைக்கலாம், ஜீப்பை வளைக்க ஏலாது. கதிரை திரும்ப இடம் விட்டு, ஆறு அடியில் கட்டி முடித்தேன்.

ஆண்டவர் சாட்சியாக, ஐவி உள்ளே வரக்கூடாது என்பதற்காக அப்படிக் கட்டவில்லை. ஆனால் கட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது, அவளால் ஏற ஏலாது என்று தெரிந்தது. அப்போது நான் பெரிதாகக் கவலைப்படவுமில்லை. லாச்சி நிம்மதியாக இருக்கும்.

சிக்கல் ஒரு படிவத்தில் வந்தது. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. உதவி ஆணையாளர் அம்மா வருகிறா. அதற்குமுன் மாற்றுத்திறனாளிகள் சங்கத் தலைவி, "பரிசோதித்தேன், திருப்தி" என்று படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். சங்கத் தலைவி யார்? பல் விளக்கும்போது நான் ஏமாற்றத் தீர்மானித்த அதே ஆள்.

ஐவி வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்கமாட்டாள். கல்யாணப் பதிவில்கூட முழுவதையும் வாசித்துவிட்டு, என் வயது பிழை என்று திருத்துவித்தவள். ஆனால் அவளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அவசரத் தையல் நேரத்தில் வாய் நிறையக் குண்டூசி வைத்திருப்பாள். அப்போது அவளால் கேள்வி கேட்க ஏலாது. கேள்வி கேட்காத ஐவி பாதி ஐவி.

புதன்கிழமை பின்னேரம் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு கல்யாணச் சட்டை அவசரம். வாய்க்குள் ஆறு ஊசி. நான் மூன்று கடதாசியை ஒன்றின்மேல் ஒன்றாக நீட்டினேன். முதலாவது கோயில் பெருநாள் பட்டியல். இரண்டாவது சங்கக் கூட்ட வரவு. மூன்றாவது நம்முடையது.

"ஐவி, ஒருக்கா இதில சைன் வையும். ஃபாதர் கேட்டவர்."

"ம்."

"இதிலயும்."

"ம்."

"இதிலயும். இது சும்மா ஒரு கடதாசி."

"ம்ம்?"

"சும்மா... அந்தச் சங்க விசயம்தான்."

பேனை நின்றது. பிறகு பேனை ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன ஐவி, இவ்வளவு நேரம்? திகதி போடுறீரோ?"

"ம்."

"பேரும் எழுதுறீரோ?"

"ம்ம்."

திருப்பித் தந்தாள். எட்டிப் பார்த்தால் சந்தேகப்படுவாள் என்று நான் பார்க்கவில்லை. அப்படியே கோவைக்குள் வைத்து, அடுத்த நாள் செயலாளர் ஐயாவிடம் கொடுத்தேன். அவர் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். எங்கள் சபையில் படிவத்தை நிரப்புவார்கள், அடுக்குவார்கள், கட்டுவார்கள். படிப்பவர் எவருமில்லை.

வெள்ளிக்கிழமை. ரிபன் கட்டியாகிவிட்டது. பாட்டீஸ் வந்துவிட்டது. கோட்டைப் பக்கமிருந்து வழக்கமாக வருகிற மான் ஒன்று வேலியோரம் புல் மேய்ந்துகொண்டு நின்றது. அப்போது எங்கள் ஒழுங்கை ஓட்டோக்காரன் பஸ்லான் வாசலில் வந்து நின்றான். பின்னாலிருந்து சில்லுக்கதிரையை இறக்கினான். அதில் ஐவியை இருத்தினான். அவள் கல்யாணத்துக்குக் கட்டுகிற சீலை கட்டியிருந்தாள்.

"நீர் ஏன் வந்தனீர்?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"தலைவி வராமல் திறப்பு விழாவோ?"

"ஒண்டும் பேசமாட்டீர்தானே?"

"நான் ஏன் பேசிறன்? பேசவேண்டியதை எழுதித் தந்திட்டன்தானே."

கோவையைத் தேடித் திரும்பினேன். அதற்குள் உதவி ஆணையாளர் அம்மா ஒலிவாங்கி முன்னால் நின்று படிவத்தைக் கையில் எடுத்துவிட்டா. எல்லாச் சபையையும் விட்டுவிட்டு எங்கள் சபைக்கென்று படிக்கிற பழக்கமுள்ள ஒரு அம்மா வந்து வாய்த்திருக்கிறா.

"சங்கத் தலைவியின் குறிப்பையும் வாசிக்கிறேன். ‘இச்சாய்தளத்தைக் கட்டிய மேற்பார்வையாளர் திரு. கிறிஸ்தோபர் அவர்கள், சில்லுக்கதிரையில் அமர்ந்து, எவருடைய உதவியுமின்றித் தானே ஏறிக் காட்டுவார். அதன் பின்னரே என் திருப்தி செல்லுபடியாகும்.’ மிக நல்ல யோசனை! எங்கே மிஸ்டர் கிறிஸ்தோபர்?"

எல்லோரும் கைதட்டினார்கள். செயலாளர் ஐயாவும் தட்டினார், கொஞ்சம் பிந்தி. பஸ்லான் ஐவியைத் தூக்கி ஒரு கதிரையில் இருத்திவிட்டு, சில்லுக்கதிரையை என் முன்னால் தள்ளிவைத்தான். ஏறி இருந்தேன். ரிபனைத் தூக்கிப் பிடித்து என்னை உள்ளே விட்டார்கள்.

முதல் அடி சுகமாகப் போனது. இரண்டாவது அடியில் கைகள் நடுங்கின. மூன்றாவது அடியில் முன்சில்லு இரண்டும் நிலத்தை விட்டு எழும்பின. வானம் தெரிந்தது. வானத்தில் ஒரு பருந்து தெரிந்தது.

"தள்ளுங்கோ, தள்ளுங்கோ!" என்று ஐவி உற்சாகப்படுத்தினாள்.

"தள்ள ஏலாது!"

"ஏன் ஏலாது? சட்டப்படிதானே கட்டினனீங்கள்?"

நாலு தொழிலாளர் ஓடிவந்து கதிரையை நாலு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவன், "மெல்ல, சேர் பாரம்" என்றான். சனமெல்லாம் பார்த்தது. சிரித்தது. என் கால் அந்தரத்தில் ஆடியது. அந்த நேரத்தில் என் தொண்டையிலிருந்து, நானே எதிர்பார்க்காத ஒரு சத்தம் வந்தது.

"தூக்காதேங்கோ! விடுங்கோ என்னை!"

உண்மையாகச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பகிடி ஒன்றும் தெரியவில்லை. ஆறு வருடத்துக்கு முன் இதே இடத்தில் ஐவி ஒரு சத்தமும் போடாமல், மடியில் கிடந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் முன்னால் நடந்து வழிவிடச் சொல்லிக்கொண்டு போனேன். அவள் முகத்தை நான் பார்க்கவேயில்லை.

விடச் சொன்னேன் அல்லவா, விட்டுவிட்டார்கள். அரசாங்கத் தொழிலாளர் மேற்பார்வையாளர் சொன்னதை உடனே செய்தது அன்றைக்குத்தான். கதிரை பின்பக்கமாக உருண்டது. ரிபனை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. திறப்பு முடிந்தது. மான் மிரண்டு ஓடியது. மானமும் அதோடு ஓடியது. கதிரை நேரே போய்ச் செயலாளர் ஐயாவின் ஜீப்பில் இடித்து, என்னைப் புல்லில் கொட்டியது. அழைப்பிதழில் விழா என்று போட்டிருந்தார்கள். நான் விழுந்துவிட்டேன்.

உதவி ஆணையாளர் அம்மா முதலில் எனக்கு அடிபட்டதா என்று பார்த்தா. பிறகு சாய்தளத்தைப் பார்த்தா. பிறகு ஜீப்பைப் பார்த்தா.

"எத்தனை அடி நீளம் வரவேணும்?"

நான் வாயைத் திறக்க முன் ஐவி சொன்னாள்: "பதினெட்டு அடி அம்மா. அந்த ஜீப் நிக்கிற இடத்தையும் தாண்டி வரவேணும்."

"ஜீப் வெயிலில நிக்கலாம். மூண்டு கிழமை தாறன்" என்று சொல்லிவிட்டு அம்மா பாட்டீஸ் கூடச் சாப்பிடாமல் போய்விட்டா.

அந்த மூன்று கிழமையும் நான் தூங்கவில்லை. சாய்தளம் பிரச்சினையில்லை. பதினெட்டு அடி, இரண்டு பக்கமும் கைபிடி, தேய்த்தால் கை கிழிகிற சொரசொரப்பு, எல்லாம் ஒழுங்காகக் கட்டினேன். பிரச்சினை லாச்சி. ஐவி உள்ளே வந்தால் நேரே என் மேசைக்குத்தான் வருவாள். ஆகவே நாலு வருட வேலையை நாலு நாளில் செய்தேன். எங்கள் ஒழுங்கை வாய்க்காலுக்கு நானே நின்று மூடி போடுவித்தேன்.

"கொழும்பில இருந்து அனுமதி வந்திட்டுது ஐவி!"

"ஓமோ? அந்தக் கடிதத்தை ஒருக்காக் கொண்டு வாங்கோவன், பாப்பம்."

"அது... ஃபைலுக்குள்ள கிடக்கு."

"சரி. அப்ப நானே வந்து பாக்கிறன்."

அடுத்த நாளே மனுவை எடுத்துச் சட்டைப் பைக்குள் ஒளித்தேன். லாச்சியைத் துடைத்தேன். பூட்டினேன். திறப்பைத் தொலைத்தேன். அது மட்டும் வேண்டுமென்று இல்லை.

சாய்தளம் திறந்த திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஐவி வந்தாள். பஸ்லான் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவள் கைபிடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சில்லைத் தள்ளினாள். நான் உதவிக்குப் போனேன்.

"தள்ளி நில்லுங்கோ."

தள்ளி நின்றேன். பதினெட்டு அடியும் தானே ஏறினாள். மேலே போய் நின்று, ஒரு தடவை திரும்பி வாசலைப் பார்த்தாள். வியர்வையைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். எனக்குக் கண் கலங்கியது, வெயிலாகவும் இருக்கலாம். பிறகு கதிரை திரும்பியது. என் மேசைப் பக்கமாக வந்தது. சட்டைப் பையை அமத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஐவி என்னைப் பார்க்கவுமில்லை. லாச்சியைப் பார்க்கவுமில்லை. என் மேசையைத் தாண்டி, மூலையிலே பூட்டுப்போட்ட பெட்டி வைத்திருந்த இடத்துக்குப் போனாள். மடியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். எழுதுவினைஞர் ஷிஃபானா சிரித்துக்கொண்டே புத்தகத்தை நீட்ட, நேரம் எழுதிக் கையெழுத்தும் வைத்தாள்.

"என்ன இது?" என்று ஷிஃபானாவிடம் கேட்டேன்.

"டெண்டர் சேர். எங்கட தொழிலாளர் சீருடை தைக்கிறதுக்கு. இண்டைக்குத்தான் கடைசி நாள்."

"என்னட்டத் தந்திருந்தால் நான் போட்டிருப்பன்தானே?"

"ஏலாது சேர். விண்ணப்பதாரர் நேரில வரவேணும். சபையில வேலை செய்யிற சொந்தக்காரர் கையாலயும் தொடக்கூடாது. அக்கா ரெண்டு மாசத்துக்கு முன்னமே போன் எடுத்து விதியெல்லாம் கேட்டவா."

ரெண்டு மாதம்! நான் பல் விளக்கத் தொடங்க முன்னமே!

"அப்ப நீர் என்ர லாச்சியைப் பாக்க வரேல்லையோ?" என்று ஐவியிடம் கேட்டேன்.

"அதை ஏன் பாக்க? மனு அதுக்குள்ள கிடந்தது எனக்கு நாலு வருசமாத் தெரியும், ஷிஃபானாட்டப் போன்ல கேட்டனான். எல்லாத்தையும் பாக்க வாறன் எண்டு சொன்னால்தானே மூடி வரும்." என் சட்டைப் பையைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "அதை இனி எறியுங்கோ. வியர்வையில மை ஊறுது."

ஐந்துபேர் குழு டெண்டரைத் திறந்தது. என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். வேலை ஐவிக்குக் கிடைத்தது.

அடுத்த புதன்கிழமை அளவெடுக்க வந்தாள். நாற்பது தொழிலாளர் விறாந்தையில் வரிசையாக நின்றார்கள். கழுத்தில் அளவு நாடா, பக்கத்தில் எழுத ஷிஃபானா. மேற்பார்வையாளருக்கும் சீருடை உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அடுத்த ஆள்!"

போய் நின்றேன். நாடா இடுப்பைச் சுற்றியது.

"மூச்சை விடுங்கோ."

"விட்டுட்டன்."

"முழுக்க விடுங்கோ."

"ஐவி, கொஞ்சம் மெல்லக் கதையும். எனக்குக் கீழ வேலை செய்யிற ஆக்கள் பின்னால நிக்கினம்."

"ஷிஃபானா, எழுதும்!" என்றாள், துறைமுகத்துக் கப்பலுக்கும் கேட்கிற குரலில்.

சபைப் பதிவேட்டில் என் பெயர் இப்படித்தான் ஏறியிருக்கிறது: கிறிஸ்தோபர், மேற்பார்வையாளர், இடுப்பு நாற்பத்து நான்கு, மேலதிகத் துணி தேவை.