சாந்தா வீட்டுச் சிவப்புச் சோறு

அரும்பாவூர்,
வைகாசி மாதம், 2004.

மதிப்புக்குரிய அண்ணி சிந்தாமணி அவர்களுக்கு,

உங்கள் பெரிய தம்பி பெண்சாதி அமிர்தவல்லி கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், உங்கள் பெரிய தம்பி, நீங்கள் சீராகக் கொடுத்த எருமை மூவரும் உயிரோடு இருக்கிறோம். அதில் எருமை மட்டும் நல்ல சுகம். ஏலாக்குறிச்சியில் நீங்களும் அண்ணனும் நோய்நொடி இல்லாமல் இருக்கச் செட்டிகுளம் முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடுதாசி என்று கேட்பீர்கள். போன் உங்கள் சின்னத் தம்பி வீட்டில் இருக்கிறது. அவர் பெண்சாதி சாந்தாவைப் பற்றிச் சாந்தா வீட்டு போனிலேயே எப்படிப் பேசுவது, சொல்லுங்கள்.

நான் யாரைப் பார்த்தும் வயிறெரிகிறவள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். சாந்தா வீட்டுக்கு போன் வந்தது, நான் ஒரு வார்த்தை கேட்டேனா? மொட்டை மாடி எடுத்துக் கட்டினாள், ஏறிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் இந்த அரிசி விஷயத்தை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. தம்பிகள் ரெண்டு பேருக்கும் சர்க்கரை வியாதி ஒன்றாகத்தான் வந்தது. பொங்கலுக்கு நீங்கள் லோடு வண்டியில் சீர் அனுப்பினீர்கள். அவளுக்கு வெள்ளைச் சாக்கில் மாப்பிள்ளைச் சம்பா அரிசி, மூத்த மருமகள் எனக்கு மாட்டுத் தீவனச் சாக்கு. சரி, எருமையாவது நினைப்பில் இருக்கிறதே என்று வாயைத் திறக்காமல் இறக்கி வைத்தேன். உள்ளே செக்கச்செவேலென்று என்னவோ இருந்தது, தவிட்டுக் குருணைதான் என்று நான் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. தினம் ரெண்டு கை வேகவைத்துத் தொட்டியில் போட்டுவருகிறேன். எருமைக்கு உடம்பு எண்ணெய் தடவியது மாதிரி மின்னுகிறது. சாந்தா வீட்டிலோ அந்தச் சிவப்பரிசியைத் தின்று சின்னத் தம்பிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. அன்றிலிருந்து பால் சொசைட்டியில் அவளைச் சுற்றி ஒரு கூட்டம். எவ்வளவு நேரம் ஊறணும் சாந்தா, எத்தனை தண்ணி சாந்தா என்று. என் பாலுக்கு அங்கே பால்மானியில் நல்ல டிகிரி வருகிறது, அதைக் கேட்க ஒரு நாதி இல்லை.

மாசியில் உங்கள் பெரிய தம்பி வெங்காயக் கொல்லையில் கருவேல முள்ளை மிதித்தார். கால் கட்டைவிரலில் புண் ஆறவே இல்லை. பெரம்பலூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் விரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாத்திரை மட்டும் போதாதும்மா. வெள்ளைச் சோத்தக் கொறைங்க, தவிடு போவாத அரிசியாப் பாத்து அளவாப் போடுங்க. சர்க்கரை எறங்கலன்னா வெரல எடுக்கறாப்ல ஆயிடும்" என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன் அண்ணி. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. இவர் என்னடா என்றால், "ஏன்டி அழுவுற, சாந்தாகிட்ட ரெண்டு படி கேட்டு வாங்கேன்" என்கிறார். அந்த விரலுக்காக என் கழுத்துத் தாலிக்கொடியைக் கேட்டாலும் கழற்றித் தருவேன். சாந்தாவிடம் போய் அரிசி கேள் என்றால் எப்படி?

நானே பார்த்துக்கொள்கிறேன் என்று டவுன் கடையில் கைக்குத்தல் அரிசி வாங்கி வந்து, பொன்னி அரிசிக்கு வைக்கிற மாதிரி குக்கரில் மூன்று விசில் விட்டு இறக்கினேன். அது வேகாமல் கல்லு கல்லாக நின்றது, முதல் வாயிலேயே இவருடைய பல்செட்டு விரிசல் விட்டது. ஊற வைக்க வேண்டுமாம், எனக்கு யார் சொன்னார்கள், தெரிந்தவள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். அப்புறம் வரகு வடித்தேன், "பஞ்சமாடி வந்துடுச்சு"ன்னு கேட்டார். கேழ்வரகுக் களி கிண்டினேன், கையைக் கழுவிட்டு எந்திரிச்சிட்டார். சரி, பொன்னியையே கஞ்சி ஒட்ட வடிச்சா சர்க்கரை போயிடும்னு ஒருத்தி சொன்னான்னு வடிச்சு வச்சா, இந்த மனுசன் சோத்தைக் கொஞ்சமாத் தின்னுட்டு, அந்தக் கஞ்சி வீணாப் போவுதேன்னு உப்புப் போட்டு சின்ன வெங்காயத்தைக் கடிச்சிக்கிட்டு ஒரு சொம்பு குடிச்சிருக்கார் அண்ணி! கேட்டா, "நீ கஞ்சியக் குடிக்காதேன்னு சொல்லவே இல்லையே" என்கிறார்.

இதற்கப்புறம்தான் அதிசயம் நடந்தது. பங்குனி பிறந்ததும் மனிதர் திருந்திவிட்டார். நான் போடுகிற சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு, "போதும் அமிர்தம்" என்பார். நாக்கை அடக்கிக்கொண்டாரே என்று எனக்குக் கண்ணே கலங்கும். சாயங்காலம் டாக்டர் நடக்கச் சொன்னார் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடையும் போனார். மறுபடி பரிசோதித்தால் சர்க்கரை இறங்கியிருந்தது. புண்ணில் புதுத்தோல் வந்திருந்தது. நான் செட்டிகுளம் மலையேறி முருகனுக்குப் பாலாபிஷேகம் செய்தேன். வந்த கையோடு பால் சொசைட்டியில் சாந்தா காதில் விழும்படி, "சிவப்பும் வேணாம் கறுப்பும் வேணாம், பொம்பளைக்குப் பக்குவம் தெரிஞ்சாப் போதும்" என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது புரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு சாந்தா வீட்டுக் கொல்லைப் பக்கம் ஓடியது. பிடிக்கப் போனேன். அங்கே துவைக்கிற கல்லில் உங்கள் பெரிய தம்பி உட்கார்ந்திருக்கிறார். மடியில் தட்டு. தட்டில் சிவப்புச் சோறு, கருவாட்டுக் குழம்பு. பக்கத்தில் அவள் சட்டியும் கரண்டியுமாக நிற்கிறாள். நடைப்பயிற்சியாம்! இவர் விரலை நக்கிக்கொண்டு, "சாந்தா, இன்னொரு கரண்டி போடும்மா" என்றார்.

அண்ணி, சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அங்கே சாப்பிட்டதுகூட எனக்குப் பெரிசில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என்னிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இன்னொரு கரண்டி போடு என்று இந்த மனுசன் கேட்டதில்லை. நானாப் போடுவேன், அவராத் தின்பார். அந்த ஒரு சொல்லை எடுத்து அவளுக்குக் கொடுத்துட்டாரே! எனக்கு நெஞ்சு காந்துது. மாப்பிள்ளைச் சம்பாவாம், இந்த வயசுல இவருக்கு மாப்பிள்ளை நெனப்பு கேக்குது. நான் தப்பாக ஒன்றும் பேசவில்லை. தெருவுக்கே கேட்கும்படி பேசினேன், அவ்வளவுதான். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் மனசு ஆறியிருக்கும். கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகையால் நீங்களே நியாயம் சொல்ல வேண்டும். ஒரு வயிற்றில் பிறந்த தம்பிகளில் ஒருவருக்கு அரிசியும் இன்னொருவருக்குத் தவிடும் அனுப்பியது நீங்கள்தான். இந்தக் குடும்பத்தில் நான் இனி சாந்தா முகத்தில் விழிக்க மாட்டேன், அவள் வாசல்படி மிதிக்க மாட்டேன், உங்கள் சீரும் எனக்கு வேண்டாம். இது என் முடிவு.

அண்ணனுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் விளக்கு அணையாமல், களத்தில் நெல் குறையாமல், எல்லாரும் நூறு வயசு இருங்கள். கோபத்தில் எழுதினாலும் இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த தம்பி மனைவி
அமிர்தவல்லி.

பின்குறிப்பு: முந்தாநாள் கடுதாசியை ஒட்டப் போகும்போது சாந்தா கையில் காலிப் படியோடு வந்தாள். "அக்கா, எங்கூட்டு அரிசி தீந்துபோச்சு. ஒங்க மூட்டையில மிச்சமிருந்தா ரெண்டு படி தாங்க, மாமாவுக்கு ஆக்கணும்" என்றாள். எந்த மூட்டை என்றேன். "ரெண்டு வூட்டுக்கும் ஒரே அரிசிதானே அண்ணி அனுப்புனாங்க. சாக்கு பத்தலன்னு ஒங்களுதத் தீவனச் சாக்குல கட்டுனாங்களாம், போன்ல சொன்னாங்க. அன்னைக்கே சொல்ல வந்தேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டீங்க. அப்பறம் பாத்தா எருமைக்கு வைக்கிறீங்க. சொன்னா வம்பாயிடும்னு நானே மாமாவக் கூப்புட்டுப் போட்டேன்" என்றாள். ஓடிப் போய்த் தீவனச் சாக்கில் கையை விட்டு அள்ளிப் பார்த்தேன், அரிசியேதான் அண்ணி.

சாக்கில் பாதி மிச்சம் இருக்கிறது. அவளுக்குப் படி நிறையக் குவித்து அளந்தேன். ஊற வைக்கிற விதத்தை அவளே என் அடுப்படியில் நின்று காட்டிக் கொடுத்தாள். மேலே எழுதியதை நீங்கள் படிக்க வேண்டாம். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். அடுத்த தடவை சாக்கின்மேல் மனுசருக்கு என்று எழுதிவிடுங்கள். எருமை ரெண்டு நாளாகப் புல்லைத் தொடாமல் என்னைப் பார்த்துக் கத்துகிறது.

இன்று மத்தியானம் இவருக்கு நானே அந்தச் சோற்றைப் போட்டேன். தின்று முடித்துத் தட்டை நீட்டி, "அமிர்தம், இன்னொரு கரண்டி போடு" என்றார். டாக்டர் அளவாகப் போடச் சொல்லியிருக்கிறாரே அண்ணி. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேனே தவிர, போடவில்லை.