அவசர மணி என் சட்டைப் பையில்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே என் முட்டியைத் தவிர எல்லோரும் நலம். அங்கே அத்தானின் குறட்டையைத் தவிர மற்றதெல்லாம் நலமென்று நம்புகிறேன்.

"சேமநிதியில கை வச்சே, அப்புறம் என்னை அக்கான்னு கூப்பிடாதே" என்று நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் நீ தூரத்தில் இருக்கிறாய். என் மகள் தினமும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். படிப்புக் கடனுக்குத் தவணை பிடிக்கும் நாளில் மட்டும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பசிக்கலப்பா" என்கிறாள். ஊரார் முதுகுவலியையெல்லாம் சரிசெய்கிற பிசியோதெரபிஸ்ட், தன் செருப்புக்கு மறுபடி மறுபடி தையல் போட்டுக்கொள்கிறாள். பெற்றவனுக்கு எப்படி இருக்கும், சொல்லு. ஓய்வு பெறப் போகிற நேரத்தில் சேமிப்பையெல்லாம் எடுத்து அவள் கடனை ஒரேயடியாக அடைத்துவிட்டால், அப்புறம் நாம் எதைச் சாப்பிடுவது என்று உன் தம்பி மனைவி கேட்டாள். "பாத்துக்கலாம்" என்றேன். பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் நம் வீட்டு ஆண்கள் பரம்பரையாகச் சொல்லி வருவது அதுதானே.

லீவு போட்டுவிட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் சேமநிதி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. காலமெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்தவன் லிஃப்டில் மாட்டிக்கொண்டேன், சிரிக்காதே. கூட ஒரு அம்மா வேறு, கையில் ஃபைல், கண்ணில் தண்ணீர். "பயப்படாதீங்கம்மா, மணி அடிச்சா கம்பெனி ஆளு ஓடி வருவான்" என்று ஜம்பமாகச் சொல்லி அவசர பட்டனை அமுக்கினேன். என் சட்டைப் பையில் போன் அடித்தது. அந்தப் பகுதிக்குக் கம்பெனி ஆள் நான்தான். லீவு போட்டவன், அழைப்பை வேறு ஆளுக்கு மாற்றிவிட மறந்திருக்கிறேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எடுங்க, என்ன சொல்றீங்கன்னு கேப்போம்" என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. உள்ளே மாட்டியவன் கதவைத் தொடக் கூடாது, வெளியிலிருந்துதான் ஆள் வர வேண்டும். கூட்டாளி மெக்கானிக் ஊரில் இல்லை. கதவு திறக்கும் சாவியோ வீட்டில். வேறு வழியில்லாமல் மகளைக் கூப்பிட்டேன். வாட்ச்மேன் மின்சாரத்தை நிறுத்த, நான் உள்ளிருந்து கத்திக் கத்திச் சொல்ல, அவள் சாவி போட்டுத் திறந்தாள். லிஃப்ட் மாடித் தரைக்கு ஒரு முழம் கீழே நின்றிருந்தது. குனிந்து கை கொடுத்தாள். முதலில் அந்த அம்மா வெளியே வந்தார், அப்புறம் நான், அப்புறம் என் கையிலிருந்த சேமநிதி விண்ணப்பத் தாள்.

தலைப்பைப் படித்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. "என் கடனை அடைக்கவாப்பா?"

"உனக்குப் பாரம் குறையட்டும்னுதாம்மா."

"இந்தக் கடன் என்னைக்காவது ஒருநாள் முடிஞ்சிரும்பா. உங்க கை காலியாயிட்டா அதுக்கு முடிவே இல்ல. எனக்கு அதுதான் பயம்."

தாளை நாலாகக் கிழித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நல்லா கேளும்மா" என்றார் அந்த அம்மா.

வீடு திரும்பும்போது ஒன்று புரிந்தது அக்கா. அவள் பாரத்துக்காக மட்டும் நான் போகவில்லை. அவள் "பசிக்கல" என்று சொல்வதை என்னால் பார்க்க முடியவில்லை. என் கண்ணுக்கு நிம்மதி வேண்டி என் மனைவியின் முதுமையையும் சேர்த்துக் கொடுக்கப் போயிருக்கிறேன். இனி தவணை நாளில் மகளுக்கு நான் வெளியே சாப்பாடு வாங்கித் தருவது, கடனை அவளே மெதுவாக அடைப்பது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். ஆக, உன் பேச்சைத் தம்பி ஒருமுறை கேட்டுவிட்டான். குறித்து வைத்துக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. எதைப் படித்தாலும் கடனில்லாமல் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி

பி.கு.: நான் மேலே போகும்போது லிஃப்ட் நின்றதாக நீ நினைத்திருப்பாய். மகளும் அப்படித்தான் நினைத்தாள். அது நின்றது நான் கீழே இறங்கும்போது. அசலைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன், அவள் கிழித்தது நகலை. பின்பக்கத்தில் அலுவலகம் குத்திய 'பெற்றுக்கொண்டோம்' முத்திரையை அவள் பார்க்கவில்லை. நேற்று பணம் முழுக்க என் கணக்கில் வந்து விழுந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது. உள்ளே மாட்டியவன் கதவைத் தொடக் கூடாது. நீ ஒருமுறை வந்துவிட்டுப் போயேன், அக்கா.